ஃபேன் பக்கமா, சுவர் பக்கமா

"அண்ணே, உங்கள எங்கேயோ பாத்திருக்கேனே?"

இப்படி நான் கேட்டு மூன்று வருடம் ஆகப்போகிறது. கேட்ட இடம், சிங்கப்பூரில் வீடில்லாத ஆண்கள் இரவில் வந்து தூங்கிவிட்டுக் காலையில் போகும் ஒரு கூடம். நேரம் இரவு ஒன்பதே முக்கால் இருக்கும். எதிரில் நின்றவர் அறுபதை நெருங்கும் தமிழர். தோளில் முதுகுப்பை, கையில் ஹேங்கரில் மாட்டிய வெள்ளைச் சட்டை. சிக்யூரிட்டி வேலைக்குப் போடுகிற சட்டை. பத்தொன்பது மெத்தை போட்ட அந்தக் கூடத்தில் ஒரே தமிழ் முகம் அவருடையதுதான். நான் ஆசையாகத்தான் கேட்டேன். அதோடு விட்டேனா, அடுத்ததையும் கேட்டேன். "சிராங்கூன் ரோட்டுப் பக்கம் இருந்தீங்களா? எந்த சபைக்குப் போவீங்க, இல்ல கோயிலா? உங்க வீட்டு ஆளுங்க யாராச்சும்..."

அவர் சிரித்தார். "இல்ல தம்பி, வேற யாரையாச்சும் பாத்திருப்பீங்க" என்றார். சட்டையைச் சுவர் ஆணியில் மாட்டினார். கழிவறைக்குப் போகிறவர் போல வெளியே நடந்தார். பத்தரைக்கு விளக்கை அணைக்கும்போது அவர் மெத்தை காலியாக இருந்தது. ஆணியில் சட்டையும் இல்லை. எப்போது வந்து எடுத்துக்கொண்டு போனார் என்று யாரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு பதினேழு இரவு அவர் அங்கே வரவில்லை.

இதை எழுதலாமா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். தேவாலயம், கோயில், பள்ளிவாசல், நண்பர் குழு என்று எந்த வழியாக வந்தாலும், இந்த மாதிரி இடத்துக்கு முதல்முறை போகிற தமிழர்கள் இதைப் படித்துவிட்டுப் போனால் நல்லது என்று பட்டது. அதனால் எழுதுகிறேன். இடத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் சொல்லப் போவதில்லை.

எங்கள் சபை சிறியது. ஞாயிறு தமிழ் ஆராதனைக்கு நூற்றிருபது பேர் வந்தால் நாற்காலி போதாது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பாஸ்டர் எங்களில் சிலரைக் கூப்பிட்டு, இப்படி ஓர் இரவுத் தங்குமிடத்துக்கு ஆள் தேவைப்படுகிறது, போக முடியுமா என்று கேட்டார். ஒன்பது பேர் கை தூக்கினோம். நான், கணக்காளர் ஒருவர், ஓய்வுபெற்ற எழுத்தர் அக்கா ஒருவர், பேருந்து ஓட்டுநர் ஒருவர், தேசிய சேவையை முடித்துவிட்டு வந்த இரண்டு வாலிபர்கள், இன்னும் மூன்று பேர். மாதத்தில் இரண்டு செவ்வாய்க்கிழமை எங்கள் முறை.

முதல் செவ்வாய்க்குப் பெண்கள் சங்கம் இரண்டு நாள் தயார் செய்தது. கோழிப் பிரியாணி, அறுபது பொட்டலம். வெள்ளரிக்காய் அச்சார் தனியாக, அவித்த முட்டை தனியாக. மூன்று காரில் கொண்டுபோய் இறக்கினோம். உள்ளே பத்தொன்பது பேர். அவர்களில் பாதிப் பேர் வேலை செய்கிற இடத்திலேயோ காப்பிக்கடையிலேயோ சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஐந்து பேருக்குச் சர்க்கரை நோய். ஒருவருக்கு வாயில் பல்லே இல்லை. மேசையில் எங்களுக்கு முன்பே வேறொரு குழு வைத்துவிட்டுப் போன ரொட்டிப் பைகள் பிரிக்காமல் கிடந்தன.

அந்த இடத்தை நடத்துகிற சீனப் பெண்மணி முன்னாள் தாதி, அதாவது நர்ஸ். எங்கள் மனம் நோகாதபடி சொன்னார். சிங்கப்பூரில் சாப்பாடு கொடுக்க நிறையப் பேர் வருகிறார்கள், தீபாவளி, கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டு என்றால் குளிர்பெட்டியில் இடமே இருக்காது. காலை ஏழு மணி வரை கூடவே இருக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. நாலரைக்கு மூன்று பேரை எழுப்ப வேண்டும், ஐந்துக்கு இரண்டு பேரை எழுப்ப வேண்டும். இரவில் ஒருவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டால் பார்க்க ஆள் வேண்டும். இருப்பீர்களா என்று கேட்டார்.

மீதமிருந்த நாற்பது பொட்டலத்தையும் அன்றிரவே பக்கத்து வாடகை வீட்டுத் தொகுதியில் கதவு கதவாகத் தட்டிக் கொடுத்துத் தீர்த்தோம். இரண்டு பேர் மட்டும் கூடத்தில் தங்கினோம். அந்த இரண்டில் நான் ஒருவன்.

சிங்கப்பூரில் வீடில்லாதவர்களா என்று ஊரிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் நம்பாமல் கேட்டார். கேட்பதில் நியாயம் இருக்கிறது. பத்துக் குடும்பத்தில் ஏறக்குறைய ஒன்பது சொந்த வீட்டில் வாழ்கிற ஊர் இது. நடைபாதையில் குடும்பத்தோடு படுத்திருக்கும் காட்சியை இங்கே பார்க்க முடியாது. இருப்பவர்கள் கண்ணில் படாமல் இருக்கப் பழகியவர்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) புளோக்கில், சுவரில்லாமல் திறந்து கிடக்கும் கீழ் வெற்றுத்தளத்தில், கடைசிப் பேருந்து போன பிறகு, தூண் மறைவில் அட்டையை விரிப்பார்கள். துப்புரவாளர் வருவதற்கு முன்பு அட்டையை மடித்து வைத்துவிடுவார்கள். மடித்த அட்டை எந்தத் தூணுக்குப் பின்னால் இருக்கும் என்பது அந்த புளோக்கில் கூட்டுகிறவருக்குத் தெரியும். பல நேரம் அவரும் அதைத் தொடமாட்டார்.

2019ல் லீ குவான் யூ பொதுக் கொள்கைப் பள்ளியின் ஆய்வாளர் இங் கொக் ஹோ, நூற்றுக்கணக்கான தொண்டூழியர்களை வைத்துத் தீவு முழுவதும் இரவில் நடந்து எண்ணினார். 921லிருந்து 1,050 பேர் வரை என்று கணக்கு வந்தது. 2021ல் அவர் மறுபடி எண்ணியபோது தெருவில் 616 பேர், தற்காலிகத் தங்குமிடங்களில் 420 பேர். 2022 நவம்பரில் சமூக, குடும்ப மேம்பாட்டு அமைச்சு எடுத்த கணக்கில் தெருவில் படுத்தவர்கள் 530 பேர். எண்ணிக்கை குறைந்தது பெரிய விஷயம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் 2021ன் இரண்டு எண்ணையும் கூட்டிப் பாருங்கள், பழைய ஆயிரம்தான் வருகிறது. தெருவில் படுத்தவர்களில் பலர் கூரைக்குக் கீழே வந்திருக்கிறார்கள். வீட்டுக்குள் போய்ச் சேரவில்லை.

கூரைக்குக் கீழே வந்ததற்குக் கொவிட் கிருமித்தொற்றும் ஒரு காரணம். 2020 மார்ச் 18 அன்று மலேசியா எல்லையை மூடியது. ஜோகூரில் மலிவாக அறை எடுத்துத் தங்கிக்கொண்டு தினமும் பாலம் தாண்டி இங்கே வேலைக்கு வந்துகொண்டிருந்த சிங்கப்பூரர்கள் பலர் கட்டிய துணியோடு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். ஏப்ரல் 7 தொடங்கி ஜூன் 1 வரை நீடித்த கிருமிப்பரவல் முறியடிப்புக் காலத்தில், விடிய விடிய உட்கார்ந்திருக்க விட்ட துரித உணவகங்களும் நாற்காலியைக் கவிழ்த்துவிட்டன. அப்போதுதான் மேலும் பல தேவாலயங்களும் பள்ளிவாசலும் தொண்டு அமைப்புகளும் தங்கள் கூடங்களில் மெத்தை போட்டுக் கதவைத் திறந்தன. பாதுகாப்பாகத் தூங்க ஓர் இடம், அதற்குமேல் ஒன்றும் இல்லை. எங்கள் கூடமும் அந்த வருடம் திறந்ததுதான்.

அங்கே படுப்பவர்களில் பெரும்பாலோர் வேலை பார்ப்பவர்கள். இதைத்தான் நான் எங்கே போனாலும் முதலில் சொல்கிறேன். அலுவலகம் துடைப்பவர், உணவங்காடியில் தட்டு எடுப்பவர், கட்டடத்துக்குக் காவல் இருப்பவர். நாம் காலையில் போய் உட்காரும் மேசையை நாலரைக்கு எழுந்து போய் துடைத்து வைக்கிறவர்.

பிறகு எப்படி வீடு போனது? ஒவ்வொருவருக்கும் ஒரு கதை. நிறையக் கதைகளில் விவாகரத்து வரும், கூட்டு வீட்டை விற்றது வரும், வந்த பணத்தில் கடன் அடைத்தது வரும். பிறகு அண்ணன் வீட்டு வரவேற்பறையில் படுத்தது, அண்ணியோடு சண்டை. சிலர் சூதாட்டத்தில் விட்டவர்கள்தான். அதை அவர்களே மறைப்பதில்லை. வீட்டை விற்றவர் குறைந்த வாடகை வீவக வீட்டுக்கு மனுப்போட 30 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது பொது விதி. தனியாள் என்றால் 35 வயது ஆகியிருக்க வேண்டும், இன்னொரு தனியாளோடு சேர்ந்துதான் எடுக்க முடியும். வருமானத்துக்கு 1,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று ஓர் அளவுகோல் உண்டு. சூழலைப் பார்த்துத் தளர்த்துவார்கள். கிடைத்துவிட்டால் ஓரறை வீட்டு வாடகை மாதம் 26 வெள்ளியிலிருந்தே தொடங்குகிறது. உலகத்தில் எத்தனை பெரிய நகரத்தில் இப்படி இருக்கும்? ஆனால் அந்த ஓரறையில் ஒருவர் குறட்டை விட இன்னொருவர் விழித்திருக்க வேண்டும். முன்பின் தெரியாத இரண்டு கிழவர்கள், நடுவில் ஒரு திரைச்சீலை. அதை நினைத்தே மனுப்போடாமல் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொரு பயமும் உண்டு. ஆதரவற்றோர் சட்டம் என்று ஒன்று 1989லிருந்து இருக்கிறது. கதியற்றுக் கிடப்பவரைப் பொதுநல இல்லத்தில் சேர்க்க அது வழி செய்கிறது. சேர்ந்து நன்றாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தெருவில் படுக்கிறவருக்கு, சீருடையோ அடையாள வில்லையோ போட்ட யார் வந்து பேர் கேட்டாலும் வயிற்றைக் கலக்குவது இதனால்தான். எங்கள் ஒன்பது பேர் கழுத்திலும் முதல் நாள் அடையாள வில்லை தொங்கியது. இரண்டாம் செவ்வாயிலிருந்து அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டோம்.

முகவரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இது புதுப் பாடம்.

அங்கே ஒரு மலாய்ப் பெரியவர் இருந்தார். நாங்கள் பாக்சிக், அதாவது மலாயில் மாமா, என்று கூப்பிடுவோம். ஒரு பச்சைப் பிளாஸ்டிக் உறையில் தன் காகிதங்களையெல்லாம் வைத்திருப்பார். தூங்கும்போது அது தலையணைக்கு அடியில் இருக்கும். ஒரு நாள் எங்கள் எழுத்தர் அக்காவிடம் அதைத் திறந்து காட்டினார். கண் மருத்துவர் சந்திப்புக் கடிதம். தேதி கடந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. கடிதம் போனது அவர் அடையாள அட்டையில் இருக்கிற முகவரிக்கு, அதாவது முன்னாள் மனைவியின் வீட்டுக்கு. அந்த அம்மா கடிதங்களைச் சேர்த்து வைத்து மகன் மூலமாக எப்போதாவது கொடுத்தனுப்புவாராம். மத்திய சேமநிதி அறிக்கையும் அங்கேதான் போகும். தேர்தல் வந்தால் வாக்காளர் அட்டையும் அங்கேதான் போகும்.

வீடு மாறினால் 28 நாளுக்குள் புது முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். நாம் மாறும்போது ஐந்து நிமிட வேலை. பாக்சிக் எதைப் பதிவார்? இரவில் திறந்து காலை ஏழு மணிக்குப் பூட்டும் கூடத்தையா? சிங்கப்பூரில் அடையாள அட்டை என்றால் அதில் முகவரியும் உண்டு. பெரும்பாலோருக்கு அட்டையின் பின்னால் ஒரு புளோக் எண்ணும் மாடி எண்ணும் இருக்கும். அந்தக் கதவைத் தட்ட முடியாதவர்கள்தான் எங்கள் கூடத்தில் படுத்திருந்தார்கள்.

எழுத்தர் அக்கா அன்றிலிருந்து செவ்வாய் இரவுகளில் ஒரு மடக்கு மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார். யாருக்குக் கடிதம் வந்திருக்கிறது, எந்த மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு நாளை மாற்ற வேண்டும், எந்தப் படிவத்தில் எங்கே கையெழுத்து. மறுநாள் மதிய உணவு நேரத்தில் அவரே கூப்பிட்டுப் பேசிவிடுவார். முப்பது வருட அலுவலக அனுபவம். அறுபது பிரியாணி செய்யாத வேலையை அந்த மேசை செய்தது. பாக்சிக்குக்குக் கண்புரை அறுவை முடிந்தது. ஒரு கண்ணில் வெள்ளை மூடியோடு வந்து, அக்கா எதிரில் நின்று தலையைக் குனிந்து காட்டினார்.

என்னுடைய வேலை இரவு. பத்தரைக்கு விளக்கணைத்தால், அணைந்த பிறகுதான் அந்தக் கூடம் பேசத் தொடங்கும். குறட்டை, இருமல், பிளாஸ்டிக் பை சரசரப்பு. யாரோ ஒருவர் தூக்கத்தில் ஹொக்கியன் சீனத்தில் பெண் பிள்ளையைக் கூப்பிடுவது. என்ன வார்த்தை என்று தெரியாது, குழந்தையைக் கூப்பிடும் குரல் என்பது மட்டும் தெரியும். ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் யாராவது எழுந்துவந்து என் பக்கத்து நாற்காலியில் உட்காருவார்கள். பேசவே வேண்டியதில்லை. மைலோ கலக்கிக் கொடுத்தால் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார்கள். ஒருமுறை ஒருவர் மட்டும் எனக்காக ஜெபம் பண்ணு என்று கேட்டார். அவர் கிறிஸ்தவர் இல்லை. கைபிடித்து, மெல்லிய குரலில் தமிழிலேயே ஜெபித்தேன். அவருக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. முடிந்ததும் ஆமென் என்றார்.

அதையடுத்த வாரங்களில் எனக்கு மூன்று செவ்வாய் முறை வந்தது. எங்கள் முறை இரண்டுதான். மூன்றாவதை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன், அவர் வந்துவிடுவாரோ என்று. முதல் இரண்டிலும் ஆணி காலியாகவே இருந்தது. முன்னாள் தாதி என்னைத் திட்டவில்லை. ஆனால் ஒன்று சொல்லிக்கொடுத்தார். புதிதாக வருபவரிடம் முதல் இரவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாமாம். மெத்தையை ஃபேனுக்குப் பக்கத்தில் போடவா, சுவர் ஓரமாகப் போடவா. அந்தக் கேள்விக்கு எல்லாரிடமும் பதில் இருக்கும், பொய் சொல்லத் தேவையில்லாத பதில். வேறெதுவும் நாம் கேட்கக்கூடாது, அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்றார்.

மூன்றாவது செவ்வாய் அவர் வந்தார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நானும் அசைத்தேன். அவ்வளவுதான்.

பதினொரு மணி இருக்கும். கூடத்துக்கு வெளியே தாழ்வாரத்தில் இஸ்திரி மேசை. எல்லாருக்கும் சேர்த்து ஓர் இஸ்திரிப் பெட்டிதான், வரிசையில் நிற்க வேண்டும். கடைசி ஆளாக அவர் நின்றார். கழுத்துப்பட்டையை முதலில் தேய்த்தார், உள்பக்கம், பிறகு வெளிப்பக்கம். கைமடிப்பில் தண்ணீரைத் தெளித்து, பொத்தானைச் சுற்றிப் பெட்டியின் முனையை மட்டும் கொண்டுபோனார். இரண்டாவது பொத்தான் வேறு நிறம், கறுப்பு நூலில் தைத்திருந்தது. தோளில் நிறுவனத்தின் வில்லையை ஒரு கைக்குட்டையால் மூடி அதற்கு மேல் அழுத்தினார். இவ்வளவு பொறுமையாக யாரும் சட்டை தேய்த்து நான் பார்த்ததில்லை. தேய்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"தம்பி, அன்னிக்கு நீங்க கேட்டதுல தப்பில்ல. நம்ம ஆளுங்க அப்படித்தானே கேப்போம். எனக்குத்தான் பதில் சொல்ல முடியல."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"என் தங்கச்சியும் உங்க மாதிரி ஒரு சபைக்குத்தான் போவுது. நான் ஜோகூர்ல இருக்கேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கு. நல்லபடியா இருக்கேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கு. நீங்க என்னைய யாருன்னு கண்டுபிடிச்சிட்டா, ஒரு வாரத்துல தேக்கா முழுக்கத் தெரிஞ்சிடும். அது பஸ்ஸு புடிச்சு இங்க வந்து நிக்கும். அதுக்கு ரெண்டு ரூம்பு வீடு, மூணு புள்ளைங்க."

எங்கே படுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். வேலை பார்க்கிற கட்டடத்தில், வேலை முடிந்த பிறகு, மூன்றாம் அடித்தளக் கார் நிறுத்துமிடத்தில் படிக்கட்டுக்குக் கீழே. பதினேழு இரவும். அடுத்த காவலாளிக்குத் தெரியாமல்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது என்னால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் பதினேழு இரவும் என் வாயால் வந்தது. கெட்ட வார்த்தை பேசவில்லை, அவமானப்படுத்தவில்லை. கல்யாண வீட்டில், நம்மவர்கள் கூடும் தேக்கா சந்தையில், எம்ஆர்டி ரயிலில், எங்கே ஒரு தமிழரைப் பார்த்தாலும் நாம் அன்போடு கேட்கிற கேள்வியைத்தான் கேட்டேன். எந்த ஊர், யாரு பிள்ளை, எங்க இருக்கீங்க. சின்னச் சமூகம் நம்முடையது. இரண்டு கேள்வியில் உறவு பிடித்துவிடுவோம். நல்ல நிலையில் இருப்பவருக்கு அது சந்தோஷம். விழுந்து கிடப்பவருக்கு அதே கேள்வி, நாலு பேர் முன்னால் வேட்டியை உருவுகிற மாதிரி. சீனத் தொண்டூழியர்களிடமும் மலாய்த் தொண்டூழியர்களிடமும் அவர் கலகலவென்று பேசுவார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவருக்குத் தமிழ் கேட்டால்தான் பயம். இதைவிட எனக்கு வலித்தது வேறெதுவும் இல்லை.

என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர் லயத்தில் பல வருடம் படுத்தவர். ஓர் அறையில் பலர், முறைவைத்துத் தூக்கம். அந்தக் காலத்தில் கடைவீட்டு ஐந்தடி நடைபாதையில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுத்த காவல்காரர்களும் உண்டு. அவர்களை யாரும் வீடில்லாதவர் என்று சொல்லவில்லை. வேலைக்கு வந்தவர் என்றார்கள். தாத்தாவுக்குத் தஞ்சாவூரில் ஒரு திண்ணை இருந்தது. கடிதம் போட்டால் அந்தத் திண்ணைக்குப் போய்ச் சேரும், பதில் வரும். இவருக்கும் வேலை இருக்கிறது, அதே போல முறைவைத்துத் தூக்கம் இருக்கிறது. போய்ச் சேர்கிற திண்ணை மட்டும் இல்லை.

சபையில் இதைப் பற்றிப் பேசவேண்டியிருந்தது. எங்கள் வாலிபர் ஒருவர் வரிசையாக விரித்த மெத்தைகளைப் படமெடுத்துச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். முகம் எதுவும் விழாமல் கவனமாகத்தான் எடுத்திருந்தார். ஆனால் மூலையில் ஆணியில் தொங்கிய சட்டை தெரிந்தது. தோளில் இருந்த வில்லையைப் பெரிதாக்கிப் பார்த்தால் நிறுவனத்தின் பெயரும் தெரிந்தது. அந்தக் குழுவில் நூறு பேர். அவர்களில் ஒருவர் அவருடைய தங்கைக்குத் தெரிந்தவராக இருக்க எவ்வளவு நேரம் ஆகும்? அழிக்கச் சொன்னோம். தம்பி முகம் வாடிவிட்டது, ஆனால் உடனே அழித்தார். படம் போட்டால்தான் மற்றவர்களுக்கும் வர ஆசை வரும் என்று ஒருவர் வாதாடினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. படத்தைப் பார்த்து வருகிறவர் படம் எடுக்கத்தான் வருவார்.

கைப்பிரதி கொடுக்கலாமே, பாட்டுப் பாடலாமே என்றும் கேட்டார்கள். நானும் விசுவாசிதான், சுவிசேஷம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் பத்து மணிக்குப் படுக்க இடம் தேடி வருகிறவரால் எழுந்து போக முடியாது. எழுந்து போக முடியாதவரிடம் எதையும் சொல்லக்கூடாது. இதில் பாஸ்டர் எங்கள் பக்கம் நின்றார். அதனால் கார் நிறுத்துமிடத்திலேயே கைகோத்து ஜெபித்துவிட்டு உள்ளே போவோம். ஒன்பது பேர் ஆறாகக் குறைந்தார்கள். பிறகு பதினொன்றாகக் கூடினார்கள்.

அந்த வெள்ளைச் சட்டை அண்ணன் எட்டு மாதம் எங்களோடு இருந்தார். கறுப்பு நூல் பொத்தானை என் மனைவி வெள்ளை நூலில் மாற்றித் தைத்துக் கொடுத்தாள். அதை வாங்கும்போதுதான் அவர் தன் பெயரைச் சொன்னார். 2021 கடைசியில் தொடங்கிய சோதனைத் திட்டம் ஒன்றில், தனியாட்கள் ஜோடி தேடாமல் தாங்களே மனுப்போடலாம். நடத்தும் அமைப்பு பொருத்தமான ஆளைச் சேர்த்துவைக்கும். எழுத்தர் அக்காவின் மேசையில் அவர் மனு எழுதப்பட்டது. உணவங்காடியில் தட்டுக் கழுவுகிற ஒரு சீனப் பெரியவரோடு அவருக்கு இடம் கிடைத்தது. அந்தப் பெரியவர் இரவு வேலை பார்ப்பவர் என்பது இவருக்குப் பெரிய நிம்மதி.

போகிற அன்று ஒரு புது இஸ்திரிப் பெட்டியை அட்டைப்பெட்டியோடு கையில் வைத்திருந்தார். தன் பணத்தில் வாங்கியது. அடையாள அட்டையை எடுத்துத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த புது முகவரிச் சீட்டின் மேல் கட்டைவிரலை வைத்தபடி எனக்குக் காட்டினார். புளோக் எண் விரலுக்குக் கீழே இருந்தது. நான் விரலை எடுக்கச் சொல்லவில்லை. "நல்லாருக்கு அண்ணே" என்றேன். தங்கையிடம் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன மாதம் ஒரு செவ்வாய். மழை விட்டிருந்த நேரம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். நெற்றியில் அழிந்த திருநீறு. எங்கள் குரலைக் கேட்டதும் ஒரு நொடி அப்படியே நின்றார். கதவுக்குப் பக்கத்தில் இருந்தவர் அன்று படம் போட்ட அதே தம்பி. நான் உள்ளே மெத்தை விரித்துக்கொண்டிருந்தேன், எழுந்து போக நேரமில்லை.

தம்பி ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

"அண்ணே, மெத்த எங்க போடட்டும்? ஃபேன் பக்கமா, சுவர் பக்கமா?"

அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். தலையைத் துவட்டிக்கொண்டார்.

"சுவர் பக்கம்" என்றார்.